வலது முட்டிக்குச் சொந்தக்காரர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. வலியோடு இருந்தாலும் நீங்கள் ‘நலம்’ என்றுதான் சொல்வீர்கள் என்பதால் கேட்கவில்லை. நான் இங்கே நலம், ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் “நல்லாருக்கேன், இந்தா அம்மாகிட்ட பேசு” என்று உடனே கழன்றுகொள்கிறீர்கள். அதனால்தான் கடிதம். கண்ணாடியைக் காணோம் என்று அம்மாவைப் படிக்கச் சொன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்துதானே கேட்க வேண்டும்? அம்மா, அப்பா நடுவில் எழுந்து போகப் பார்த்தால் நீ அவசரப்படாதே. அவர் எழுந்திருப்பதற்குள் ஒரு பக்கம் படித்துவிடலாம். விஷயமே அதுதான்.

போன லீவில் நான் வந்திருந்தபோது, நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். வலது முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. என்னவென்று கேட்டதற்குக் கொசு கடித்தது என்றீர்கள். அந்தக் கொசுவை நினைத்து எனக்கு இரண்டு வாரம் ஆபீஸில் வேலை ஓடவில்லை. என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே, முகவரி தவறி வந்த பார்சல்களுக்குச் சரியான பெயரும் முகவரியும் கண்டுபிடித்து ஒட்டுவது. சுவரைப் பார்த்த மேஜை, பேச்சுத் துணைக்குப் பார்சல்கள். எங்கள் தெருவில் பூட்டுக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே முட்டி வலிக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் இடம் ஒன்று இருக்கிறது. உங்களுக்காக விசாரிக்கலாம் என்று போனேன். முன்மேஜையில் இருந்த பெண்மணி நிமிர்ந்தே பார்க்காமல் “பேரு?” என்றார். விசாரிக்க வந்தவள் பெயரைக் கேட்கிறார் என்று என் பெயரைச் சொன்னேன். “எந்த முட்டி?” வலது. “எத்தனை வருஷமா வலி?” ஏழெட்டு வருஷமாக இருக்கும் என்றேன். “என்ன வேலை?” முப்பது வருஷமாகத் தரையில் டைல்ஸ் ஒட்டுவது என்றேன். எல்லாவற்றையும் என் பெயருக்கு நேராக எழுதி, “செவ்வாய்க்கிழமை ஆறு மணி, பாய் இங்கேயே தருவாங்க” என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். ஊரார் பெயரையெல்லாம் திருத்துகிற எனக்கு, “அம்மா, அது எங்கப்பா முட்டி” என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்திருக்கலாம்தான். போனேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தையல்கார அக்கா, இன்னும் நாலைந்து பேர், எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். டிரைவர் என்னைப் பார்த்ததும், “உன் வயசுல எனக்கு முட்டின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதும்மா” என்றார். பயிற்சியாளர் என் முட்டியை அழுத்தி “வலிக்குதா?” என்றபோது, அப்பாவாக இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்து, “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றேன். ‘வலியை மறைக்கிறார்’ என்று எழுதிக்கொண்டார். மூன்றாம் வாரம் தையல்கார அக்கா, “ஏண்டி, போன வாரம் வலது காலைத்தானே இழுத்து நடந்தே?” என்றார். அன்று முழுக்க இரண்டு காலையும் இழுத்தேன்.

ஆனால் பாடத்தை ஒழுங்காகக் கேட்டேன், அப்பா. எலும்பின் முனையில் குருத்தெலும்பு என்று வழவழப்பான பூச்சு இருக்கிறதாம். அதற்கு ரத்த ஓட்டமும் இல்லை, நரம்பும் இல்லை. தேயத் தொடங்கும்போது சத்தமே போடாது, உங்களைப் போல. சத்தம் போடுவது மூட்டின் உள்சவ்வு. அது அழன்று வீங்கி, நீர் கோத்துக்கொள்ளும். அந்த அழற்சியில் ஊறுகிற சில பொருட்கள் குருத்தெலும்பை இன்னும் அரிக்கும், அரித்து உதிர்ந்த துணுக்குகள் சவ்வை மறுபடி உறுத்தும். டைல்ஸுக்கு அடியில் ஈரம் இறங்குகிற கதைதான். மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும், தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற பொள்ளல் சத்தம் கேட்கும். அடுத்தவர் வீட்டுத் தரையில் அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே பெயர்த்து ஒட்டுகிற நீங்கள், சொந்த முட்டியில் கொசு என்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பில் என்னைப் பத்து நிமிஷம் முட்டி போட வைத்த டீச்சரிடம், “பிள்ளை முட்டி என்னத்துக்கு ஆகும்?” என்று சண்டைக்குப் போனவரும் நீங்கள்தான். அன்றைக்கும் ஒரு வீட்டுத் தரையில் முட்டி போட்டிருந்துவிட்டு நேராக வந்தீர்கள். பேன்ட்டில் இரண்டு வட்டமாகச் சிமென்ட் இருந்தது.

ஆறாம் வாரம் டாக்டர் வந்தார். என் சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார். “முப்பது வருஷமா டைல்ஸ் ஒட்டுறியா? உனக்கு வயசே இருபத்து நாலுதானே?” எல்லோர் எதிரிலும் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார். “நீ காலைத் தூக்கினா அவருக்கு வீக்கம் வத்துமா? போய் முட்டியைக் கூட்டிட்டு வாம்மா.” டிரைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதனால் இப்போது போவதில்லை. முட்டி இல்லாமல் எப்படிப் போவது? நீங்கள் சிரமப்பட்டு இங்கே வர வேண்டாம், அங்கேயே ஒரு டாக்டரைப் பாருங்கள். பயிற்சிகளைத் தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன், அவர் பார்த்துச் சரியென்ற பிறகு செய்யுங்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், இங்கே பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இரண்டு முட்டிகளுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பின்குறிப்பு: கடைசிப் பத்தியை அம்மா படித்திருந்தால் மறந்துவிடுங்கள். பேச எத்தனையோ பேர் என்பது பொய். “எப்படிம்மா இருக்கே?” என்று என்னை யாராவது கேட்பது செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மட்டும்தான், அதுவும் முட்டியைத்தான் கேட்டார்கள். நேற்று அந்த முன்மேஜைக்குப் போய், வாய் திறந்து, சீட்டில் என் பெயரை அடித்து உங்கள் பெயரை எழுத வைத்துவிட்டேன். துணைக்கு ஒருவர் கூடவே உட்காரலாமாம். என் வீடு மூன்றாவது மாடி. மாடிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். வாங்கப்பா.