மொட்டையாய்ப் பிறந்த பீச்

வாங்கனூய்,
மார்ச், ஞாயிறு மாலை

பேரன்பிற்குரிய நோலீன் அக்காவுக்குத் தம்பி வாரன் எழுதுவது. இங்கே நானும் ராபினும் ஆடும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் சனிக்கிழமை சர்ச் பெண்களோடு மரம் பார்க்க நீ இங்கே வரக்கூடாது.

உட்கார்ந்துகொண்டு படி. புயலில் சாய்ந்த அம்மாவின் சிவப்பு பீச் மரத்துக் கொட்டைகளை நான் உடைத்து, பருப்பை ஈரமணலில் பொதிந்து ஃப்ரிட்ஜில் வைத்ததும், பாதாம் என்று நினைத்து என் மச்சான், ராபினின் அண்ணன், அதில் ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டதும், மிஞ்சியவை முளைத்தபோது ஆடு மேய்ந்ததும், தப்பிய ஒரே கன்றுக்கு உறைபனியில் என் கம்பளிச் சட்டையைப் போர்த்திவிட்டு நான் நடுங்கியதும் உனக்குத் தெரியும். விதையில் முளைத்தாலும் தாயைப்போலவே காய்க்கும், நம் குடும்பத்து ரத்தம் அப்படி என்று நீ சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும். அந்த மரம் முதன்முதலாகப் பழுத்திருக்கிறது, அக்கா. பழத்தின்மேல் பஞ்சு இல்லை! பீச் பழத்துக்குரிய அந்தச் சாம்பல் ரோமம் பேருக்குக்கூட இல்லை. வழுவழு மொட்டை. நெக்டரின்!

ராபின் தடவிப் பார்த்தாள். “நம்ம பக்கத்து ஜாடையே இல்லையே” என்றவள், மெல்லத் திரும்பி வேலிக்கு அந்தப்புறம் பார்த்தாள். அங்கே விரெமு வீட்டு நெக்டரின் மரம் ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“விரெமு! உன் மரம் பண்ணின காரியத்தப் பாருய்யா!”

“நான் என்னண்ணே பண்ணட்டும், தேனீயக் கயிறு போட்டா கட்டி வைக்க முடியும்?” என்று சிரித்தான் பாவி. “பேரு வைக்கிறப்ப எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பழமரக் கழகத்து க்ளெனிஸைக் கூட்டிவந்து நியாயம் கேட்டேன். அவள் போட்டாளே ஒரு குண்டு! “அவரு மரத்த மட்டும் திட்டாதீங்க. அப்பன் மட்டும் மொட்டைன்னா புள்ள மொட்டையாப் பொறக்காது. அம்மா வழியிலயும் அது ஒளிஞ்சு கெடந்திருக்கணும்.”

“எங்கம்மா மரத்துலயா?”

“அங்கயேதான்.”

தலைகீழாகக் கிடந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அந்த மரத்தைக் காட்டி எத்தனை பேரை மட்டம் தட்டியிருப்பாள்! ஆகவே முடிவு செய்துவிட்டேன், இன்றே வெட்டப்போகிறேன். ரம்பம்கூட விரெமுவிடம்தான் கேட்டிருக்கிறேன், நம் நிலைமை அப்படி. சர்ச் பெண்களிடம் பறவைகள் கொத்திவிட்டன என்று சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் எல்லாரையும், மிச்சமிருந்தால் நம் மானத்தையும் காப்பாராக.

இடிந்துபோயிருக்கும் தம்பி,
வாரன்

பி.கு.: ரம்பத்தோடு வந்த விரெமு, வெட்டுவதற்கு முன் ஒரு பழத்தைப் பிளந்தான். கொட்டைவரை கருஞ்சிவப்பு. அவன் ஒரு பாதி, நான் ஒரு பாதி. பிறகு ராபின் வந்தாள். மூவரும் அடுத்தடுத்துப் பறித்துக்கொண்டே இருந்தோம். சாறு முழங்கைவரை வழிந்தது. அம்மா மன்னிக்கட்டும், அவள் மரத்துப் பழத்தைவிட ஒரு படி மேல்! ரம்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா, மரத்தைக் காட்டுகிறேன். பழம் மட்டும் கேட்காதே. ஒன்றுகூட மிச்சமில்லை.