பலகைக்கு அடித்த ராஜ அலை

"சார், உங்க டேப்லெட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. என்னோடதுல அலை ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிறதுக்கு இது என்னம்மா, சளியா?"

"உங்களது மலிவு, என்னது ஒசத்தி. மலிவுல இருந்து கெட்ட அலை கிளம்பும்னு அலை சாரே சொல்லியிருக்கார்."

"அப்ப உங்களதுல இருந்து நல்ல அலை கிளம்பி என்னோடதுல ஒட்டணுமே? அது மட்டும் ஏன் வர மாட்டேங்குது? கால் வலியா? நீங்கல்லாம் படிச்ச வக்கீல்தானே?"

"படிச்சதாலதான் தள்ளிப் பிடிக்கச் சொல்றேன்!"

டேப்லெட் கடை வரிசையில் வக்கீல் அம்மாவுக்கும் வெல்டிங் பட்டறைக்காரருக்கும் நடந்த சண்டை இது. இதில் வேடிக்கை என்னவென்றால், கேலி பேசிய பட்டறைக்காரரும் காலையிலிருந்து அதே வரிசையில்தான் நின்றார். 'எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோமே' என்கிற ரகம்.

அவர்களுக்கு முன்னால் ஒரு வீட்டு மருமகள் நின்றிருந்தாள். பக்கத்தில் கணவன். முன்னால் சக்கர நாற்காலியில் மாமனார். அவள் தோளில் ஒரு கனத்த பை. அதை யாரையும் தொட விடவில்லை.

வரிசை கடையைத் தாண்டி, மருந்துக் கடை வாசலை அடைத்துக்கொண்டு தெருமுனை வரை போயிருந்தது. முன்பெல்லாம் டேப்லெட் வாங்க வருகிறவர்கள், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், திரை எவ்வளவு பெரிசு, கீழே போட்டால் உடையுமா என்றெல்லாம் கேட்பார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. யோசிக்கிற வேலையை மொத்தமாக அலை சாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அலை சார் கண்ணாடி மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு நூல், அதன் நுனியில் ஒரு செப்புக் குண்டு. டேப்லெட்டுக்கு மேலே அதைத் தொங்கவிடுவார். மலிவான டேப்லெட் என்றால் குண்டு இடப்பக்கம் சுற்றும். கெட்ட அலை! தூக்கம் போகும், படிப்பு போகும், கல்யாணம் தள்ளிப்போகும். விலை உயர்ந்தது என்றால் வலப்பக்கம் சுற்றும். நல்ல அலை! போனதெல்லாம் திரும்பி வரும். ஒரு தடவைகூடக் குண்டு தப்பியதில்லை. எப்படித் தப்பும்? டேப்லெட் கண்ணுக்கு முன்னால் பளபளவென்று கிடக்கிறது, பக்கத்திலேயே கடை முதலாளி வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். ஒசத்தியானது வாங்க வக்கில்லாதவர்களையும் அலை சார் கைவிடவில்லை. மலிவு டேப்லெட்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளச் செப்புத் தகடு விற்றார். கருணைக் கடல்!

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் குரலுக்கு ஓடுகிற பஸ்ஸே நிற்கும். பக்கவாதம் வந்து அந்தக் குரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, ஒரு மலிவு டேப்லெட்டில் படங்கள் போட்டுக் கொடுத்தார். டம்ளர் படத்தைத் தொட்டால் 'தண்ணி வேணும்' என்று டேப்லெட் பேசும். மாமனார் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார். உப்பு குறைந்தால்கூடச் சொல்லிக்காட்டுகிற அளவுக்குத் தேறினார்.

கணவன் அதை எடுத்துக்கொண்டு போய் அலை சாரிடம் காட்டினான். குண்டு இடப்பக்கம் சுற்றியது.

"உங்கப்பா பேச்சை அமுக்கிப் பிடிச்சிருக்கிறதே இந்த டேப்லெட்தான் தம்பி. உடனே ஒதுக்கிடுங்க. ஒசத்தியானது வாங்கி வைங்க, தானா பேசுவார்."

அன்றைக்கே டேப்லெட் பீரோவின் மேல் ஏறியது. ஒசத்தியானதைத் தவணையில் வாங்கும் ஏற்பாடு இழுத்துக்கொண்டே போனது. அதுவரை? மாமனார் தண்ணீருக்குக் கை நீட்டினால் மகன் டிவி ரிமோட்டைக் கொடுத்தான். முதுகு அரிக்கிறது என்று முனகினால் மாத்திரை கொடுத்தான். ஒரு நாள் கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல முடியாமல் படுக்கையை நனைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மருமகள் நேரே பயிற்சி அம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"ஒசத்தியானதுல வேகம் ஜாஸ்தி, கேமரா நல்லாயிருக்கும். ஆனா இந்தப் படமும் குரலும் ரெண்டுலயும் ஒண்ணுதாம்மா. உங்க மாமா என்ன, சினிமாவா எடுக்கப் போறார்?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். "அந்தம்மா அலையைப் பத்திப் படிச்சிருக்காங்களா?" என்று கணவன் வாயை அடைத்துவிட்டான். தவணைக்குக் கையெழுத்துப் போட இன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவர்கள் முறை வந்தது.

"வாங்க பெரியவரே! ஒசத்தியானதை எடுத்து வைக்கட்டுமா?" என்றார் அலை சார்.

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் சார்," என்றாள் மருமகள். "இந்த அலை துணிக்குள்ள இருந்தா வெளிய வருமா?"

"துணியா? சுவரையே துளைக்கும்மா! அடுத்த வீட்டு டேப்லெட்டை இங்க உக்காந்துகிட்டே சொல்லுவேன்."

கூட்டம் 'ஆகா' என்றது.

மருமகள் பையைத் திறந்தாள். அவள் வேலை செய்வது பள்ளிக்கூடப் பை தைக்கிற கம்பெனியில். ஒரே நீலத் துணியில், உள்ளே ஸ்பாஞ்சு வைத்து, ஒரே அளவில் தைத்த இரண்டு உறைகளை மேசைமேல் வைத்தாள்.

"எது என்னன்னு குண்டு சொல்லட்டும் சார். நீங்க தொடக் கூடாது."

"ஏய், என்னடி இது? மானத்தை வாங்காதே," என்று கணவன் பல்லைக் கடித்தான்.

"மானம் போறதா இருந்தா யாருதுன்னு இப்பத் தெரிஞ்சிடும், இருங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அலை சாரால் மறுக்க முடியவில்லை. முதல் உறைக்கு மேலே குண்டு இடப்பக்கம் சுற்றியது. இரண்டாவதுக்கு மேலே வலப்பக்கம் சுழன்று சுழன்று ஆடியது.

"இதாம்மா! இது ராஜ அலை! இதைப் பெரியவர் தலைமாட்டுல வைங்க, வாய் திறந்து பேசுவார்!"

மருமகள் இரண்டாவது உறையின் ஜிப்பை இழுத்தாள். உள்ளேயிருந்து வந்தது காய் நறுக்குகிற பலகை. வெங்காய வாடையோடு, முதுகெல்லாம் கத்திக் கீறலோடு.

அலை சார் ஒரு நொடிதான் திணறினார். "மரம்மா! மரத்துக்கு இயற்கையிலேயே நல்ல அலை உண்டு. பாத்தீங்களா, குண்டு அதையும் பிடிச்சிடுச்சு!"

கூட்டம் மறுபடியும் 'ஆகா' என்றது. சொல்லி மாளாது இந்தக் கூட்டத்தை.

"சரி சார். இன்னொரு தடவை," என்றாள் மருமகள். ஜிப்பை மூடி, பைக்குள் போட்டு உறைகளை மாற்றி மாற்றிக் கலக்கி, மேசைமேல் வைத்தாள். குண்டு ஒன்றை நல்ல அலை என்றது, இன்னொன்றைக் கெட்ட அலை என்றது. திறந்தாள். நல்ல அலை உறையில் மாமனாரின் மலிவு டேப்லெட் இருந்தது. கெட்ட அலை உறையில் பலகை.

"ஏன் சார், இப்பத்தானே இது ராஜா? அதுக்குள்ள பலகை கெட்டுப்போச்சா?"

முதல் சிரிப்பு வக்கீல் அம்மாவிடமிருந்து வந்தது. பட்டறைக்காரர் குண்டை வெடுக்கென்று வாங்கி, அலமாரிக் கொக்கியில் நூலைக் கட்டி, டேப்லெட்டை நேர் கீழே வைத்தார். கடையிலிருந்த எல்லா டேப்லெட்டையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். குண்டு அசையவேயில்லை.

"சுத்துனது குண்டு இல்ல, விரலு! நான் வெட்டியா லீவு போட்டுட்டு வந்து நிக்கிறேன்!"

கடை முதலாளிக்குத் திடீரென்று கிடங்கில் அவசர வேலை வந்துவிட்டது.

மருமகள் டேப்லெட்டை மாமனார் மடியில் வைத்தாள். அவர் விரல் படங்களுக்கு நடுவே தேடியது.

"தண்ணி வேணும்," என்றது டேப்லெட்.

கணவன் மருந்துக் கடைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலோடு வந்து, தானே பிடித்துக் குடிக்க வைத்தான். "மன்னிச்சிடுப்பா," என்றான். மாமனார் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் அலை சார் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தார். மாமனார் அவரையே பார்த்தார். இன்னொரு படத்தை அழுத்தினார்.

"கதவைச் சாத்து," என்றது டேப்லெட், கடை முழுக்கக் கேட்கும்படி.

மலிவு டேப்லெட்டுக்கும் ஒசத்தி டேப்லெட்டுக்கும் வித்தியாசம் நிறையவே இருக்கிறது. கேட்டால், தொட்டுப் பார்த்தால், ஒப்பிட்டுப் பார்த்தால் அது தெரியும். தலைக்குள் இருப்பதை உறையிலேயே போட்டு வைத்திருப்பவனுக்கு எதை வாங்கினாலும் ஒன்றுதான்.

இதைப் படிக்கிற உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாருடைய பேச்சையாவது, மருந்தையாவது, படிப்பையாவது இப்படி ஒரு குண்டை நம்பிப் பீரோவின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்களா? வெட்கப்படாமல் கீழே பதில் எழுதுங்கள். முதலில் அதை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.