ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

கை தூக்கி ஓட்டெடுத்தால் உலகம் திருந்திவிடும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. நம்பியதோடு நிற்காமல், அதை ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் சோதித்தும் பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. அருள்புரத்தில் ஓர் ஏற்றுமதியாளர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்காகத் தன் கம்பெனி மாடியில் சமுதாயக் கல்லூரி நடத்தினார்; அதற்குச் சேர்மனும் அவரே. ஆசிரியர்கள் மூன்று பேர். துணி வெட்டும் பாடத்துக்குத் தூத்துக்குடி அந்தோணி சார், கணினிக் கணக்குக்குக் குன்னத்தூர் கவிதா மேடம், ஆங்கிலத்துக்கு நான். (கீழே தையல் மிஷின்கள் ஓடும்போது மேலே என் இலக்கணமும் சேர்ந்து ஆடும்.)

ஷிப்மென்ட் நெருங்கினால் சேர்மன் தேர்வை நிறுத்திவிட்டு மாணவர்களைப் பனியன் மடிக்கக் கீழே அனுப்பிவிடுவார். எனக்குக் கொதித்தது. கல்லூரியை நடத்துவதில் ஆசிரியர்களுக்கும் பங்கு வேண்டும் என்று கிளம்பினேன். சகாக்களின் கருத்தையும் கேட்டேன்.

"நமக்கு எதுக்குங்க சார் அதெல்லாம்? பாடத்த நடத்துனமா, பஸ்ஸப் புடிச்சமான்னு இருக்கோணுமுங்க" என்றார் கவிதா மேடம்.

"மொதலாளிகூட சரிசமமா உக்காந்தாலும் நாற்காலி அவருதுதானவே" என்றார் அந்தோணி சார்.

இதை நான் ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

சேர்மனிடம் ஏதென்ஸில் ஆரம்பித்துப் பல்லடம் வரைக்கும் பேசினேன். "சரிங்க சார். இனி எதா இருந்தாலும் உங்களக் கேட்டே முடிவு பண்ணிக்கலாமுங்க" என்றார். அவ்வளவு சுலபமாகக் கிடைத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முதல் கூட்டம் சாம்பிள் ரூமில். டீயும் பப்ஸும் வந்தன. சேர்மன் தொண்டையைக் கனைத்தார்.

"ஆர்டர் கொறஞ்சுபோச்சுங்க. காலேஜ்ல ஒருத்தரக் கொறைக்கோணும். யாருன்னு நீங்களே பேசிச் சொல்லிருங்க."

கடித்த பப்ஸைத் தட்டில் வைத்தேன். "அது நிர்வாகத்தோட முடிவுங்களே..."

"நிர்வாகத்துல நீங்களுந்தான் சேந்துட்டீங்களேங்க. எங்க தையல் செட்டுல ஆளச் சேக்கறதும் கழிக்கறதும் அந்த டெய்லருங்களேதானுங்க. நான் தலையிடறதே இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். நாங்கள் சங்கடப்படக் கூடாதாம்.

அந்தோணி சாரின் அம்மாவுக்கு டயாலிசிஸ். கவிதா மேடத்தின் கணவர் வேலை பார்த்த கம்பெனி அப்போதுதான் மூடியிருந்தது. எனக்கு மனைவி, பள்ளியில் புதிதாகச் சேர்த்த மகள், இருவருக்கும் சேர்த்து என் ஒரு சம்பளம். மூவரும் ராஜினாமா செய்வதாக மிரட்டலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம்.

"ஆள் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. கொள்கை வேணும்" என்றேன். "எந்தப் பாடம் இல்லாட்டியும் பசங்களுக்கு வேலை கிடைக்குமோ, அந்தப் பாடத்தை நிறுத்தலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். இருவரும் என்னை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், வேற கொள்கை ஏதாச்சும் இருக்குங்களா?" கவிதா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொள்கைய விடும்வே. சீட்டுக் குலுக்கிப் போடுவோம்" என்றார் அந்தோணி சார்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. ஆனால் சீட்டுக் குலுக்குவது ஜனநாயகம் ஆகாது என்று ஒரு சிற்றுரை ஆற்றி, என் கொள்கைப்படி ஆங்கிலத்தை நிறுத்தலாமா என்று ஓட்டெடுப்புக்கு விட்டேன். அழுதுகொண்டே கவிதா மேடத்தின் கை எழுந்தது. அந்தோணி சார் ஜன்னலைப் பார்த்தபடி தூக்கினார். 'பெரும்பான்மை' என்பதைவிட 'ஏகமனதாக' என்றால் இன்னும் கம்பீரமாக இருக்குமே என்று தோன்றியது. நானும் தூக்கினேன்.

சேர்மன் அசந்துபோனார். "ஏகமனதாவுங்களா? எங்க பங்காளிக கூடுனா காப்பியா டீயாங்கறதுக்கே முடிவு வராதுங்க. உங்களாட்ட ஆளுதானுங்க நிர்வாகத்துக்கு வேணும்" என்று கையைக் குலுக்கி வழியனுப்பினார்.

ஆசிரியர் வேலை அதோடு சரி. காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் பில் போட உட்கார்ந்தவன்தான். (என் ஆங்கிலம் அங்கும் தேவைப்படவில்லை. இந்தி தெரியுமா என்றார்கள்.) கல்லூரியில் ஷிப்மென்டுக்காகத் தேர்வை நிறுத்துவது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை என்று கேள்வி.

இன்றைக்கும் வீட்டில் பாத்திரம் யார் கழுவுவது என்ற பேச்சு வந்தால், "ஓட்டு வெச்சரலாமாப்பா?" என்பாள் மகள். நான் எழுந்து போய்க் கழுவிவிடுவேன்.

கதையைக் கேட்கும் சொந்தக்காரர்கள், எனக்கு எதிராகக் கை தூக்கிய இருவரையும் திட்டித் தீர்ப்பார்கள். என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"அவங்களச் சொல்லி என்னங்க பண்றது? இவருக்கு இவரு ஓட்டே உழுகலீங்களே."