இரண்டு கப் பாஸ்தாவின் எடை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை சுகம். நான், உட்கார்ந்து கடிதம் எழுதும் அளவுக்குச் சுகம்.

அவள் என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. கிடங்கில் முப்பத்தொரு வருடம் எடை போட்டு ஓய்வு பெற்றவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் பாஸ்தா அளந்துகொண்டிருந்தபோது, "கப்பெல்லாம் ஒரு அளவா? கிராம்ல சொல்லு" என்றேன். "அப்ப இனிமே நீங்களே எடை போட்டு ஆக்குங்க" என்றாள். நான் கேட்ட கடைசிக் குரல் அதுதான்.

சரி, இறங்கிப் போவோம் என்று இன்று அவள் சமையல் நோட்டைத் திறந்தேன். 'இரண்டு பேருக்கு இரண்டு கப்' என்று இருந்தது. கப்பையோ அவள் கோபத்தில் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். கேட்டு வாங்கப் பேச்சுவார்த்தை வேண்டுமே. கப்புக்கு இருநூற்று நாற்பது மில்லி பிடிக்கும், தண்ணீரில் மில்லியும் கிராமும் ஒன்று, ஆக நானூற்றெண்பது கிராம் என்று கணக்குப் போட்டு, பாக்கெட்டில் மிச்சமிருந்த இருபது கிராமை எதற்கு வைப்பானேன் என்று அதையும் கொட்டிவிட்டேன். குழாய் குழாயாக இருக்கும் பாஸ்தாவில் பாதி வெறும் காற்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கப் நூறு கிராம்தான் என்று பாக்கெட்டின் பின்னால் போட்டிருந்ததை, அது பொங்கி மூடியைத் தள்ளி அடுப்பை அணைத்த பிறகுதான் படித்தேன். குக்கர், இரண்டு கிண்ணம், குழம்புச் சட்டி எல்லாம் நிரம்பிவிட்டன மச்சான், இன்னும் வடிகட்டியில் கிடக்கிறது.

நீங்கள் ஒரு நடை வந்து, கப்பும் அளவுதான் என்று நான் ஒத்துக்கொண்டதாக அவளிடம் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவள் பேசாத வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
எடை போட்டே ஓய்ந்த உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவள் அடுக்களைக்கு வந்தாள். ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தாள்.

"எத்தனை கிராம்?"

"ஐநூறு."

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு வாய் எடுத்துப் போட்டு, "உப்பு எந்தக் கணக்குல போட்டீங்க?" என்றாள். போடவே இல்லை.

ஆகவே நீங்கள் வந்து பேச வேண்டாம். கப்பைப் பற்றி நான் ஒத்துக்கொண்டதையும் அடித்துவிடுங்கள். சாப்பிட மட்டும் வாருங்கள், குடும்பத்தோடு.