பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிச் செல்லாத விவரம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
13 ஓகஸ்ட் 1974

கர்த்தருக்குள் மதிப்புக்குரிய சகோதரி மாகிரட் அவர்களுக்கு,

நலம் என்று எழுதத் தொடங்கி, அது எவ்வளவு உண்மை என்ற ஐயம் வந்ததால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். பிள்ளைகள் நலம். உள்ளங்கைகள் தவிர நானும் நலம். எழுத்துக் கோணலாக இருப்பதற்கு அந்த உள்ளங்கைகளே காரணம். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

என் மகள் றோஸ் பிரசவத்துக்கு முன்னரே கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டிலோடு இருக்க வேண்டி வந்ததும், அவள் கணவரான உங்கள் தம்பி ஹெக்டர் அவளுக்குத் துணையாக அங்கே தங்கியதும், எட்டு வயது எட்வினும் நான்கு வயதுச் சுகிர்தமும் என்னிடம் விடப்பட்டதும் நீங்கள் அறிந்தவையே. தனியாக இருக்கும் ஒரு கிழவனால் இது ஆகிற காரியமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் தினமும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்தவற்றை நடந்தபடி நான் எழுத வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் நீங்கள் சனிக்கிழமை பஸ்சில் வந்து பிள்ளைகளை மட்டக்களப்புக்கு அழைத்துப் போவீர்கள் என்பது உங்கள் முடிவு. நியாயமான முடிவு. அதன்படி எழுதுகிறேன்.

பிள்ளைகளைக் கடற்பக்கம் கொண்டுபோகவே கூடாது என்பது உங்கள் முதற் கட்டளை. இந்த ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் சற்று நேரத்தில் கடல் வந்துவிடுகிறது. ஆனாலும் எனக்கு இதில் சிரமம் இருக்கவில்லை. துறைமுகக் காரியாலயத்தில் கடலின் ஆழங்களை வரைபடத்தில் குறித்தே ஓய்வு பெற்ற நான், அந்தக் கடலில் கால் நனைத்தவன் அல்லன். ஆகவே விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம் என்று யோசித்து, நான்கு சுவரும் கூரையும் உள்ள ஓரிடத்தைத் தெரிவு செய்தேன். கிண்ணியாவைச் சேர்ந்த சித்திர ஆசிரியர் ஜமால்தீன் என்பவர் துறைமுகத்தருகே பாவனையில் இல்லாத ஒரு சரக்குக் கிட்டங்கியில் சித்திரக் கண்காட்சி வைத்திருந்தார். சித்திரம் பார்த்துக் காயப்பட்டவர் எவரும் இல்லை என்று எண்ணினேன்.

முதல்நாள் மாலையே ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்து, விறாந்தையில் தொங்கும் திருச்சபைக் கலண்டர், றோஸின் கலியாணப் படம், நான் வரைந்த துறைமுகப் படம் ஆகியவற்றின் முன் நின்று, தொடாமல் பார்த்து, அடுத்ததற்குப் போனார்கள். "எவ்வளவு நேரம் பாக்கோணும் அம்மப்பா?" என்று எட்வின் கேட்டான். மூன்று மூச்சு விடும் நேரம் போதும் என்றேன். சுகிர்தம் அவசரமாக மூன்று மூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்கு ஓடினாள் என்பதைத் தவிர, ஒத்திகை குறையில்லாமல் நடந்தது.

நேற்றுக் காலை கிட்டங்கி வாசலில் சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே சுவர்களில் ஒரு படமும் இல்லை. நிலம் முழுவதும் மணல். கூரையிலிருந்து நீலத் துணிகள் தொங்கின. மின்விசிறிகள் அவற்றை மெல்ல அசைத்தன. ஒரு பெரிய கரைவலை முழுவதும் மேலே விரிந்திருந்தது. அதில் சிவப்பும் பொன்னிறமுமாகக் கடதாசி மீன்கள். எங்கோ ஒளித்து வைத்த ரேப் றெக்கோடரில் அலை இரைந்தது. படங்கள் எங்கே என்று ஜமால்தீன் மாஸ்டரிடம் கேட்டேன்.

"நீங்க நிக்கிறதே படத்துக்குள்ளதான் ஐயா," என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டு இரண்டு அடி பின்வாங்கினேன். அங்கேயும் படம்தான் என்றார். ஓரம் எங்கே என்று கேட்டேன். ஓரம் இல்லையாம். ஓரம் இல்லாத படத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு எங்களிடம் ஒத்திகை இருக்கவில்லை. பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டியபடி மணலில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் சுகிர்தத்தின் முன் குந்திக்கொண்டு, "தொட்டுப் பாருங்க மகள். தொடுறதுக்குத்தான் செய்தது," என்றார்.

"அம்மப்பா ஏசுவார்," என்றாள் அவள்.

கிட்டங்கியில் நின்ற எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் உடனே அனுமதி கொடுத்தேன். அனுமதியை அளவாகக் கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாமற் போனது முதற் பிழை. எட்வின் வயிற்றால் மணலில் நீந்தத் தொடங்கினான். சுகிர்தம் மல்லாந்து படுத்து மேலே பார்த்தாள். துணிகளுக்கும் மேலே ஒரு சிறு தோணியைத் தொங்க விட்டிருந்தார்கள். கீழிருந்து அதன் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது.

"அம்மப்பா, கீழ நாங்கள் இருக்கிறது மேல போற ஆக்களுக்குத் தெரியுமோ?"

சகோதரி, இந்தத் துறைமுகத்தின் ஆழமெல்லாம் எனக்கு இலக்கத்தில் மனப்பாடம். அந்த ஆழத்தில் ஒருவர் படுத்திருந்து மேலே பார்க்கக்கூடும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. பதில் சொல்லவேண்டுமானால் பார்க்கவேண்டும் என்று பட்டது. குடையை ஓரமாக வைத்துவிட்டு நானும் அவளருகே படுத்தேன். அது இரண்டாவது பிழை. ஆனால் அவர்களுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னேன். அது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன்.

நான் கண்களை மூடியிருக்கவில்லை, சற்று மூடியிருக்கலாம். வாசலில் சத்தம் கேட்டது. வலையின் சொந்தக்காரர் அபூதாஹிர் என்பவர் தம் ஆட்களுடன் வந்து நின்றார்.

"மாஸ்டர், வலையத் தாங்க. கரையில சூடை மீன் வந்து நிக்குது!"

"ஞாயிறு வரைக்கும் வெச்சிருங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொன்னன் மாஸ்டர். மீன் ஒண்டும் சொல்லல்லயே!"

அடுத்த கணம் ஆட்கள் வலையின் கட்டுகளை அவிழ்க்க, கடல் முழுவதும் என்மேல் விழுந்தது. என் சேட்டைப் பூட்டும் தெறி ஒன்று வலைக் கண்ணில் மாட்டிக்கொண்டது. அவர்கள் வலையைச் சுருட்டச் சுருட்ட நானும் மணலில் இழுபட்டு வாசல்வரை போனேன். "ஐயா, நீங்க வேணாம், வலை மட்டும் போதும்," என்று ஒருவர் தெறியை அறுத்து என்னை விடுவித்தார். எழுந்து மணலைத் தட்டினேன். எட்வின் நின்றான். சுகிர்தத்தைக் காணவில்லை. "அவள் மடிக்குள்ள போனவள் அம்மப்பா," என்றான் அவன். மீன் வந்து சேரும் வலைப்பைக்கு மடி என்று பெயர். மாஸ்டர் அதை ஒரு குகைபோல மூலையில் கட்டி வைத்திருந்தார். மூலை வெறுமையாக இருந்தது. வலைச் சுருளைத் தோளில் வைத்தபடி ஆட்கள் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். வெறுங்காலுடன், தெறி இல்லாத சேட்டுடன், எட்வினின் கையைப் பிடித்தபடி, திருச்சபைக் குருவானவரின் வீட்டையும் கடந்து ஓடினேன். கத்த முயன்றேன், வாழ்நாளில் கத்திப் பழகாத தொண்டை இருமத்தான் செய்தது. சந்தியில் நின்ற பொலிஸ்காரர் வலைக்கு வழிவிட்டு எங்களை மறித்தார். ஒரு லொறியும் இரண்டு மாட்டுவண்டிகளும் போகும்வரை நின்றேன். றோஸுக்கு என்ன எழுதுவது என்று அப்போது யோசித்தேன். ஒரு வசனமும் வரவில்லை.

நாங்கள் டச்சுக்குடாக் கரையை அடைந்தபோது அவர்கள் வலையை இறக்கி மடியை உதறினார்கள். சுகிர்தம் இரண்டு கைகளிலும் கடதாசி மீனுடன் வெளியே உருண்டாள்.

"அல்லாஹ்வே! வலை போட முந்தியே ஒண்டு பட்டிருக்கு!" என்றார் அபூதாஹிர். "பாரமாக் கிடக்கு, மாஸ்டர்ர மணல்தான் எண்டு நினைச்சன்."

குழந்தை அழவில்லை. "ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று அவரைக் கோபித்தாள். அழுதது நான்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உடனே அவளைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்க வேண்டும். அவள் தலைமயிரிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு சற்று நின்றேன். அதற்குள் அபூதாஹிரின் ஆட்களுடைய தோணி கடலில் வலையை விட்டுக்கொண்டு சுற்றி வந்துவிட்டது. கயிற்றின் இரு முனைகளும் கரைக்கு வந்தன. "ஐயா, சும்மா நிண்டா காலுக்குள்ள கயிறு வரும். பிடிங்க!" என்றார் அபூதாஹிர். மறுத்துப் பேசும் துணிவு எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. பிடித்தேன். எனக்கு முன்னால் சுகிர்தமும் அவளுக்கு முன்னால் எட்வினும் பிடித்தார்கள். பின்னால் எங்கள் சப்பாத்துகளையும் என் குடையையும் கொண்டு ஓடிவந்த ஜமால்தீன் மாஸ்டர், தம் கடல் கடலுக்குள் போய்விட்டதைச் சற்று நேரம் பார்த்து நின்று, பிறகு அவரும் பிடித்தார். உள்ளங்கைத் தோல் போனது எனக்கு அப்போது தெரியவில்லை. மடி கரையேறியபோது வெள்ளியாகத் துள்ளிய சூடைகளுக்கு நடுவே, கழற்ற மறந்த ஒரு சிவப்புக் கடதாசி மீன் ஊறிப்போய்க் கிடந்தது. எட்வின் அதை எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தான். "இதுதான் ஐயா நான் செய்ய நினைச்சது," என்றார் அவர். எது என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கயிறு பிடித்த கைகளுக்கெல்லாம் பங்கு கொடுப்பது அங்கே வழக்கம். சுகிர்தத்துக்கும் ஒரு பங்கு தனியாகக் கிடைத்தது. அதை அவள் வாங்கிக் கட்டியது, நீங்கள் பிறந்தநாளுக்கு அனுப்பிய வெள்ளைச் சட்டையில். மூன்று தரம் தோய்த்தாயிற்று, மணம் போகவில்லை.

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? பிள்ளைகளைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் காப்பதற்காகவே போய், ஒரு பிள்ளையைத் தொலைத்து, இருவரையும் கடலில் நனைத்தேன். உங்கள் ஐயம் முற்றிலும் சரியானது. தயவுசெய்து சனிக்கிழமை வந்து அழைத்துச் செல்லுங்கள். பெட்டி கட்டிவிட்டேன். எட்வினின் சட்டைகளில் இரண்டை மறதியாக என் அலுமாரியில் வைத்துவிட்டேன்; வந்ததும் நினைவூட்டுங்கள். றோஸுக்கு இப்போது எதுவும் எழுதவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் உடல்நலத்துக்காகவும் உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்காகவும் தினமும் இரவு ஜெபத்தில் ஆண்டவரை வேண்டுகிறோம். சுகிர்தம் அந்த ஜெபத்தில் சூடை மீனையும் சேர்த்திருக்கிறாள். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை.

உங்கள் தாழ்மையுள்ள,
சா. இராஜநாயகம்

பி. கு.: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடப் புறப்பட்டபோது அபூதாஹிர் வீட்டு வாசற் படலையில் நின்றார். சனிக்கிழமை விடிய மறுபடி வலை வளைக்கிறார்களாம், ஆள் காணாதாம். "ஒங்கட மூண்டு பேரையும் வலப்பக்கக் கயித்துல போட்டிருக்கன். வருவீங்கதானே?" என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓம் என்று வந்துவிட்டது. பிள்ளைகள் இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆகவே சகோதரி, ஒட்டிய உறையைப் பிரித்து மேலே எழுதியதைத் திரும்பவும் வாசித்தேன், எல்லாம் உண்மைதான். ஆனாலும் பிள்ளைகளை அனுப்ப ஏலாது. பெட்டியை எட்வின் அவிழ்த்துவிட்டான். நீங்கள் வருவதானால் வெள்ளிக்கிழமையே வாருங்கள். பழைய சீலை ஒன்று கொண்டுவாருங்கள். இடப்பக்கக் கயிற்றில் இன்னும் இடமிருக்கிறதாம்.