ஏடிபி இல்லாதவருக்கு அனுமதி இல்லை

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்பும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் பிள்ளைகள் கேட்டார்கள். ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டார்கள். அதனால்தான் என் மானம் போனது.

அப்போது துவாஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு நல்ல வேலை. அதை விட்டுவிட்டு உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று ஈசூனில் இருந்த எங்கள் வீட்டில் அறிவித்தேன். அப்பா சண்டை போடவில்லை. "டியூஷன் சென்டர்ல ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டச் சொன்னாங்கல்ல? பாஸானா போ. இல்லன்னா திங்கக்கிழமை பேசாம துவாஸ் பஸ் ஏறு," என்றார். நான் சிரித்தேன். (என்னை வேண்டாம் என்று ஒருவர் சொல்வதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. ராஜினாமாக் கடிதம் டைப் செய்து பையில் தயாராக இருந்தது.)

சென்டர் சிராங்கூன் ரோட்டில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். நடத்துபவர் ஜமீலா மேடம். பல வருடம் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பேர். "நீ ஆரம்பிம்மா. நான் ஒரு தே தாரிக் வாங்கிட்டு வந்து பின்னால உட்காந்துக்குறேன்," என்று டீக்கடைக்குப் படியிறங்கிப் போனார்.

பாடம், செல்லைச் சுற்றியுள்ள சவ்வு எதை உள்ளே விடும், எப்படி விடும் என்பது. போர்டில் படம் வரைந்து தூங்கவைக்க நான் என்ன சாதாரண ஆளா? பதினெட்டுப் பேரையும் எழுப்பினேன். வகுப்பறைதான் செல். வாசலில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசையில் நிற்பவர்கள் சவ்வு. தண்ணீர் மாதிரிச் சின்னப் பொருள் இடுக்கில் நுழைந்து வந்துவிடலாம். மற்றவை, நடுவில் கேட் மாதிரி நிற்கும் ஃபைசலிடம் வரவேண்டும். உள்ளே ஏற்கெனவே நெரிசல் என்றால், இன்னொன்றை உள்ளே தள்ள ஏடிபி என்கிற சக்தி செலவாகும். என் ஏடிபி, தேன் மிட்டாய். (நிஜத்தில் அந்தச் செலவு செல்லுடையது. நான் அதை வருகிறவர் தலையில் கட்டிவிட்டேன்.)

"நானே கெஞ்சினாலும் சரி, ஏடிபி இல்லாம யாரையும் விடக்கூடாது. புரியுதா?"

"ஓகே டீச்சர்!"

வாயாடி கவிதாவைக் குப்பைக் கூடை மூலையில் நிறுத்தினேன். அவள் லைசோசோம், அதாவது செல்லுக்குள் வந்ததை அரைத்து ஜீரணிக்கும் பை. (வேலையே வராத பதவி. தெரிந்துதான் கொடுத்தேன்.)

பாடம் பிரமாதமாகப் போனது. தண்ணீர் நுழைந்தது, சர்க்கரை நுழைந்தது, மிட்டாய் டப்பா காலியானது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஜமீலா மேடம், கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேயோடு.

"வழி விடுங்க."

"ஏடிபி இருக்கா மேடம்?" என்றான் ஃபைசல்.

"என்னது?"

"இல்லாம விட முடியாது லா. டீச்சர் ரூல்."

"ஃபைசல், மேடத்தை விடு!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. "நீங்க கெஞ்சினாலும் விடக்கூடாதுன்னீங்க," என்று சவ்வில் ஒருத்தி எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

மேடம் கணக்கு டீச்சர் அல்லவா, வாதாடிப் பார்த்தார். "சரி, நான் தண்ணின்னு வெச்சுக்கோ."

ஃபைசல் அவரை மேலும் கீழும் பார்த்தான். "தண்ணி இவ்ளோ பெருசா இருக்காது மேடம்."

நான் வாசலை நோக்கி ஓடினேன். அதற்குள், எல்லாப் பாடத்தையும் முன்கூட்டியே படித்துவிடும் ஒரு கண்ணாடிக்காரன் குரல் கொடுத்தான். "பெரிய பொருள்னா சவ்வு சுத்தி வளைச்சு முழுசா விழுங்கிடும்! புக்ல இருக்கு!"

வரிசை வளைந்தது. கைகோர்த்தபடி மேடத்தைச் சுற்றிக்கொண்டு வட்டமாகவே அறைக்குள் நகர்த்தி வந்தார்கள். (அறிவியல்படி மிகச் சரி. இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.) நெரிசலில் தே பை வெடித்து, மேடத்தின் வெள்ளை பாஜு குரோங் உடையில் வழிந்தது. அன்று கிழிந்த ஒரே சவ்வு அந்தப் பைதான்.

வட்டம் நிற்காமல் நேராகக் குப்பைக் கூடைக்குப் போனது. அரை மணி நேரமாக வேலையில்லாமல் நின்ற கவிதா, முகமெல்லாம் பல்லாகக் கைகளை விரித்தாள்.

"டீச்சர், ஜீரணிக்கட்டா?"

எனக்குத் துவாஸ் பஸ் எண் மட்டும் நினைவுக்கு வந்தது.

மேடம் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பிள்ளைகளைக் கேட்டார், "என்னை ஏன் உள்ள விடல?" ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். குறுக்குக் கேள்வி போட்டார். கவிதா உட்பட ஒருவரும் தப்பாகச் சொல்லவில்லை.

"ஒண்ணாந்தேதி வந்துடும்மா," என்றார் என்னிடம். "ஆனா ஏடிபி டப்பா இனிமே கதவுக்கு வெளியில இருக்கணும்." அவர் உதடு லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்றே நான் எடுத்துக்கொண்டேன். அந்த டப்பா இன்றும் சென்டர் வாசல் ஷூ ரேக் மேல் இருக்கிறது.

கதையைக் கேட்டு அப்பா சோபாவிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தார். மறுநாளிலிருந்து நான் வந்தால் எங்கள் இரும்புக் கேட் திறப்பதில்லை. கம்பி வழியே ஒரு கை நீளும். "ஏடிபி?" மிட்டாய் கொடுத்தால்தான் பூட்டு திறக்கும். கல்யாணமாகி நான் ஆங் மோ கியோவுக்குப் போன பிறகும் இதேதான், மாப்பிள்ளையும் கூட வந்தால் இரண்டு மிட்டாய்.

போன மாதம் அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "அங்கிள், இனிப்பு சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் அதட்டினார்.

அப்பா கொஞ்சமும் கூச்சமில்லாமல் என்னைக் கைகாட்டினார். "நான் என்னம்மா பண்றது? எம்பொண்ணு டீச்சர். அவ போட்ட ரூலு."