மூடாத பொனட்

வீட்டு முற்றத்தில் நின்ற பழைய காரில், பொனட்டின் இடது மூலை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. பாலாம்பிகை அமுக்கினாள். அமுங்கியது. கையை எடுத்ததும் எழுந்துகொண்டது.

"நாளைக்குக் கலஹாவுல திருவிழா, ஜவுபர் பாஸ்! எங்கப்பா இந்தக் கார்லதான் போய் எறங்கணும்."

"நான் என்ன செய்ற தங்கச்சி? ஆரோ முன்பக்கத்தக் கொண்டுபோய் இடிச்சி, உள்ளெலும்பே கோணி ஈக்கிது," என்றார் கார் திருத்த வந்த ஜவுபர் பாஸ்.

"ஆரோ இல்ல. கலஹா தோட்டத்துப் பெரிய தொர. குடிச்சிட்டு இடிச்சாரு."

அந்தத் துரையின் மொரிஸ் மைனர்தான் இது. அப்பா காளிமுத்து வருஷக்கணக்காகக் கழுவித் துடைத்த கார். 'ஏறி உட்கார்' என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பட்டம் வாங்கி, குண்டசாலையில் டீச்சரான மகள், தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கிவிட்டாள். அப்பா அதில் உட்கார வேண்டும். லயமே பார்க்க வேண்டும்.

"பஸ்லயே போயிருவோமே பாப்பா," என்றார் காளிமுத்து.

"தொர செத்தும் பயமாப்பா உங்களுக்கு?"

அவர் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஜவுபர் பாஸ் சுத்தியலால் இடப்பக்கத்தைத் தட்டி இறக்கினார். வலப்பக்கம் எழுந்தது. பாலாம்பிகை கீல்களை இடம் மாற்றச் சொன்னாள். இரண்டு பக்கமும் படிந்தன. ஆனால் புதிதாகப் பூட்டிய ஜப்பான் வேன் எஞ்சின் பொனட்டில் முட்டியது.

"வெட்டுங்க ஓட்டைய!"

"புதுப் பெயின்ட், தங்கச்சி!"

"வெட்டுங்கங்கிறேன்!"

வெட்டினார். பொனட் மூடியது! பாலாம்பிகை குதித்தாள். உடனே கண்டி மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை வழியாக எஞ்சின் குளித்தது.

அவள் வீட்டுக்குள் ஓடி, சோறு வடிக்கும் சட்டியை எடுத்து வந்தாள். ஓட்டைமேல் கவிழ்த்துப் பூட்டி, கறுப்பு பெயின்ட் அடித்தார்கள்.

"ரேஸ் கார் மாதிரி இல்ல?"

"சட்டி மாதிரித்தான் ஈக்கிது," என்றார் பாஸ்.

மறுநாள் காலை கலஹா ஏற்றத்தில் சட்டிக்குள் காற்றுப் புகுந்தது. பொனட் நிமிர்ந்து முன் கண்ணாடியை மறைத்தது. நிறுத்தினால் அந்த ஏற்றத்தில் வண்டி மறுபடி கிளம்பாது.

"எட்டிப் பாருங்கப்பா! எந்தப் பக்கம்?"

காளிமுத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "வலப்பக்கம் வெட்டு! பாலம் வருது, ஹார்ன் அடி! இப்ப ரெண்டாவது கியர்!"

"பஸ்ல போறவருக்குக் கியர் எப்படிப்பா தெரியும்?"

"ரோட்டப் பாரு பாப்பா!"

லயத்து வாசலில் கார் புகைந்துகொண்டு நின்றது. மேளம் நின்றது. "ஐயோ, செத்த தொர வந்துட்டாருடா!" என்று யாரோ கத்த, இரண்டு பேர் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

பாலாம்பிகை இறங்கினாள். துரைக்குத் திறப்பதுபோல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"தொர இல்ல! காளிமுத்து! நல்லாப் பாத்துக்குங்க! இத்தன வருஷம் கழுவின மனுசனை ஒரு நாள் இதுல உக்காரச் சொன்னானா அந்தத் தொர? ஒரு நல்ல வார்த்தை பேசினானா? குடிச்சிட்டுக் கொண்டுபோய் இடிச்சான், அவ்வளவுதான்!"

காளிமுத்து காரை விட்டு இறங்கவேயில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ராக்கம்மா, பாலாம்பிகையின் அம்மாவுக்கு அக்கா, பொனட்டைப் பார்த்தாள், லயத்துச் சுவரைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, தொர மப்புல தூங்கையில உங்கப்பன்தான்டி இதத் திருட்டுத்தனமா ஓட்டிக்கிட்டு உங்கம்மாளப் பொண்ணு பாக்க வந்து, எங்க லயத்துச் சுவத்துல இடிச்சான், மக்கா நாளு முழிச்ச தொர, தான்தான் இடிச்சதா நெனச்சி, 'நீ கழுவி வெச்ச காரக் கெடுத்துட்டேனே'ன்னு இவன்கிட்ட மன்னிப்புல்ல கேட்டாரு!"